மொட்டைமாடிக் கூட்டுத் தோட்டம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சென்னையின் தெற்குப் புறநகரில் 36 வீடுகள் கொண்ட மூன்று மாடிக் குடியிருப்பு எங்களுடையது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அந்த நாட்களில் ஒரு கட்டுக் கீரைக்கு அலைந்த 12 வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஊரடங்கு தளர்ந்ததும் மாடியில் செடி வளர்க்கும் பைகளை (குரோ பேக்) வைத்தோம். தோட்டம் இன்றும் இருக்கிறது. 12 வீடு நடுவில் 9 ஆகி, இப்போது 14 ஆகியிருக்கிறது. பக்கத்துத் தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும் கேட்பதற்கெல்லாம் போனில் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இதை எழுதி வைக்கிறேன். நான் வேளாண்மை படித்தவன் இல்லை, வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் செடியைவிடக் கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

எங்கள் மாடி தாங்குமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடி, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ மேல்பாரம் தாங்க வேண்டும் என்பது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரவிதியில் உள்ள அளவு. இனி பையின் கணக்கு. 15 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள ஒரு குரோ பேக்கில் 30 லிட்டருக்கு மேல் கலவை பிடிக்கும். தண்ணீர் ஊற்றியதும் 35 முதல் 40 கிலோ நிற்கும். சதுர மீட்டருக்கு மூன்று பை வைத்தால் 120 கிலோ. நாலாவதை வைத்தால் அளவு தாண்டிவிட்டது, நீங்கள் நிற்கக்கூட இடமில்லை. நாங்கள் சதுர மீட்டருக்கு இரண்டுக்கு மேல் வைப்பதில்லை.

பைகளை நட்டநடுத் தளத்தில் பரப்பாமல், கீழே உத்தரம் ஓடும் கோட்டின் மேலும் சுற்றுச்சுவர் ஓரமாகவும் வையுங்கள். செங்கல் கட்டிப் பாத்தி போட்டு ஒரு அடி உயரத்துக்கு வெறும் மண்ணைக் கொட்டும் ஆசை சிலருக்கு வரும். ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. வேண்டாம்.

மேல்வீட்டுக் கூரையின் அடிப்பக்கம் சிமெண்ட் பெயர்ந்து துருக்கம்பி தெரிகிறதா? தோட்டத்தை மறந்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். அதன் மேல் துளசி மாடம் போதும்.

ஒழுகாதா?

ஒழுகும் மாடி தோட்டம் இல்லாவிட்டாலும் ஒழுகும். ஆனால் தோட்டம் வைத்த பிறகு ஒழுகினால் பழி தோட்டத்தின் மேல்தான் விழும். அதனால் தொடங்கும் முன்பே ஒரு மழைக்காலம் பார்த்து, தளத்தில் பதித்த தட்டோடுகளின் விரிசல்களை அடைத்துவிடுங்கள். பைகளை நேரடியாகத் தளத்தில் வைக்காதீர்கள். செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டின் மேலோ வைத்தால் அடியில் காற்றோடும், பெருக்கித் தள்ளலாம், வேர் தளத்துக்குள் போகாது. வாரம் ஒருமுறை மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் கசிவு அங்கிருந்துதான் வருகிறது.

அசோசியேஷன் சம்மதிக்க மறுக்கிறது. என்ன செய்யலாம்?

மாடி எல்லோருக்கும் பொது. ஒருவர் மறுத்தாலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நாங்கள் கூட்டத்தில் பெரிதாகப் பேசவில்லை. ஆறு மாதம் மட்டும், கொஞ்சம் பைகள்தான், ஒழுகினால் எங்கள் செலவு என்று எழுதிக் கொடுத்தோம். துணி காயப்போடும் கொடிக்குப் பக்கமே போகவில்லை. மறுத்தவர்களில் ஒரு அம்மா, மூன்றாம் மாதம் கறிவேப்பிலை கேட்டு வந்தார். அவ்வளவுதான்.

எத்தனை பேர் சேர்ந்தால் நடக்கும்?

ஏழு பேர். ஏன் ஏழு என்பது அடுத்த பதிலில்.

யார் தண்ணீர் ஊற்றுவது?

இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். மண் கலவை தப்பிப்போய் மூடிய கூட்டுத் தோட்டத்தை நான் பார்த்ததில்லை. மூடியவை எல்லாம் தண்ணீரில் மூடியவை. தண்ணீர் இல்லாமல் இல்லை, ஊற்ற ஆள் இல்லாமல்.

முதல் வருடம் நாங்கள் ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று விட்டோம். எல்லோரும் பார்ப்பது என்றால் யாரும் பார்க்காதது. ஒரே நாளில் மூன்று பேர் ஊற்றி வேர் அழுகும், அடுத்த இரண்டு நாள் காய்ந்து கிடக்கும். வாட்ஸ்அப் குழுவில் ‘இன்னைக்கு யாரு?’ என்ற கேள்வி மட்டும் தினமும் வரும்.

அப்புறம்தான் என் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். அவள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம், ஏரிப் பாசனம். அங்கே மடையைத் திறந்து முறைவைத்து வயலுக்குத் தண்ணீர் விட ஊருக்குப் பொதுவாக ஒருவர் இருப்பாராம். சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள், சில ஊர்களில் நீர்பாய்ச்சி. அவருக்குக் கூலி பணமாக இல்லை, அறுவடையில் ஒரு பங்கு நெல். தண்ணீரைக் கவனிப்பவருக்கு விளைச்சலில் உரிமை என்பதுதான் அதன் உள்கணக்கு. அதையே எடுத்துக்கொண்டோம்.

வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டுக்கு. அதற்குத்தான் ஏழு. வீடுகள் கூடினால் நாளுக்கு இரண்டு வீடு. அன்று தண்ணீர் ஊற்றியவருக்கே அன்று பறிக்கும் நிலையில் இருப்பது சொந்தம். ஊற்றாதவருக்கு இல்லை. நாளை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் இருவரும் பேசி மாற்றிக்கொள்ளலாம், குழுவில் அறிவிக்கத் தேவையில்லை. படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டு, ஊற்றியதும் அந்தத் தேதியில் ஒரு டிக். போன் செயலி ஒன்றை ஒரு பையன் செய்து கொடுத்தான், நன்றாகத்தான் இருந்தது. காலண்டர் போதுமானதாக இருக்கிறது.

அப்படியானால் அதிர்ஷ்டக்காரருக்கு நிறையக் கிடைத்துவிடுமே?

கிடைக்கும். செவ்வாய்க்கிழமைக்காரருக்கு ஒரு மாதம் வெண்டை குவிந்தது, வெள்ளிக்கிழமைக்காரருக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிழமையைச் சுற்றிவிடுகிறோம். எடை போட்டுச் சமமாகப் பிரிக்கும் முறையையும் இரண்டு மாதம் செய்து பார்த்தோம். 14 வீட்டுக்கு 900 கிராம் கத்தரிக்காயை எப்படிப் பிரிப்பது? வங்கியில் நாளிறுதியில் எட்டணா வித்தியாசத்துக்கு உட்கார்ந்த கஷ்டம் எனக்குப் போதும்.

பெரிய காய்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரு சுரைக்காயும் பூசணியும் எந்தக் கிழமையில் பழுத்தாலும் பொது. அறுத்துத் துண்டு போட்டுப் பகிர்வோம்.

கோடையில் என்ன செய்வது?

மே மாதம் தோட்டத்துக்கு லீவு. 2022 மே மாதத்தில் பாதி வீடு சொந்த ஊரில், மீதி வீடு மலையில். திரும்பி வந்தபோது 40 பையில் 31 காய்ந்து சருகாகியிருந்தது. அதன் பிறகு சித்திரைக்குள் பெரும்பாலான பைகளைக் காலி செய்து, கலவையைக் குவித்து, சாக்கு போட்டு மூடிவிடுகிறோம். கறிவேப்பிலை, பசலைக்கொடி, பொன்னாங்கண்ணி மாதிரி நிலைத்தவற்றை மட்டும் நிழல்வலைக்கு அடியில் ஒன்றாகக் கூட்டி வைத்து, எங்கள் வாட்ச்மேன் அண்ணனிடம் ஒப்படைக்கிறோம். அந்த மாதத்துக்குத் தனிச் சம்பளம், பறிப்பதெல்லாம் அவருக்கு.

தண்ணீர்க் கணக்கும் இதையே சொல்கிறது. ஏப்ரல், மே வெயிலில் 15 அங்குலப் பைக்கு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் வேண்டும். 60 பை என்றால் 150 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கும் அளவே 135 லிட்டர்தான். அதாவது கோடையில் தோட்டம் என்பது வீட்டில் கூடுதலாக ஒரு ஆள். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ராத்திரியெல்லாம் காத்திருந்தோம். அப்போது நாங்கள் செடிக்கு ஊற்றியிருந்தால் அசோசியேஷன் எங்களை மாடியிலிருந்து இறக்கிவிட்டிருக்கும். இறக்கிவிடுவதுதான் சரியும்கூட.

ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பான் வெளியேற்றும் தண்ணீரை ஊற்றலாமா?

எவ்வளவு உப்பு என்பதைப் பொறுத்தது. ஆழ்குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே உவர்ப்பாக இருந்தால், ஆர்.ஓ. கழிவு அதைவிட மோசம். பீன்ஸ் உப்பைத் தாங்காது, இலை ஓரம் கருகும். தண்டுக்கீரை ஓரளவு தாங்கும், தென்னை நன்றாகவே தாங்கும். நாங்கள் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுகிறோம், பத்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை மட்டும் நிறைய விட்டு உப்பைக் கழுவிவிடுகிறோம். பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால் உப்பு ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பருப்பு, அரிசி களைந்த தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள்.

பையில் என்ன நிரப்புவது?

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய சாணம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. 30 லிட்டர் பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இவ்வளவுதான். இதற்கு மேல் இணையத்தில் படிக்கிற ஒன்பது பொருள் கலவையெல்லாம் விற்பவர்களுக்கு நல்லது.

எல்லாம் சரியாகப் போட்டும் நாற்று மஞ்சளாகவே நிற்கிறதே?

நார்க்கழிவைக் கழுவினீர்களா? எங்கள் முதல் 12 பைகள் இப்படித்தான் போயின. கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிட்டோம். விற்ற கடைக்காரர் கழுவிய சரக்கு என்றுதான் சொன்னார். ஊறிய தண்ணீர் காபி டிக்காக்‌ஷன் நிறத்தில் இருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நார்க்கழிவில் இயற்கையாகவே உப்பு இருக்கும், உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டையில் இன்னும் அதிகம். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். 5 கிலோ கட்டி 70 லிட்டர் அளவுக்கு ஊதிப் பெருகும், பெரிய டிரம் வேண்டும். பாத்ரூமில் செய்யாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

முதலில் எதை விதைப்பது, எப்போது?

கீரை. வேறு பேச்சே வேண்டாம். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பறிக்கலாம். அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும். புதிதாகச் சேர்ந்த வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்குள் எதையாவது வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை என்றால் இரண்டாம் மாதம் வரமாட்டார். இது மனித சுபாவம். மூன்று மாதம் காத்திருக்க வைக்கும் காலிபிளவரை முதல் செடியாக வைத்து ஆட்களை இழந்த குழுக்கள் உண்டு.

காலம் பற்றிப் பெரியவர்கள் சொன்னது மாடியிலும் செல்லும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது வயலுக்கு மட்டும் இல்லை. ஆடியில் கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிகள். அவரையையும் ஆடியிலேயே போட்டுவிட வேண்டும். நாட்டு அவரை பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும். என்ன உரம் போட்டாலும் மார்கழி, தையில்தான் காய். கார்த்திகையில் ‘என் அவரை காய்க்கவே இல்லை’ என்று புலம்பி வருபவர்களுக்கு ஒரே பதில், பொறுங்கள். மழை ஓய்ந்ததும் முள்ளங்கி. தைப்பட்டத்தில் மறுபடி வெண்டை, கீரை, வெள்ளரி.

சுரை, பீர்க்கு பூக்கிறது, பிஞ்சு அழுகி விழுகிறது. ஏன்?

மகரந்தம் சேரவில்லை. மூன்றாவது மாடிக்குத் தேனீ எப்போதும் வருவதில்லை. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும், பாகலும் பூசணியும் காலையில். அந்தந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். சாயங்கால வேலைக்கு எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். கூடவே துளசியும் செண்டுமல்லியும் நாலு பை வையுங்கள், தேனீ தானாக வரும்.

பூச்சிக்கு என்ன அடிப்பது?

அடிப்பதற்கு முன் பாருங்கள். இலையின் அடியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அசுவினியும் மாவுப்பூச்சியும் முதல் நாள் ஒரு விரலால் துடைக்கும் அளவுதான் இருக்கும். பத்தாம் நாள் செடியே வெள்ளையாகிவிடும். தினம் ஒரு வீடு மாடி ஏறுவதால் எங்களுக்கு இது எளிது. இதுவும் தண்ணீர் முறையின் லாபம்தான்.

அதற்கு மேல் வேண்டுமானால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 மில்லி, எண்ணெய் கலைய ஓரிரு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும். தக்காளி இலை சுருண்டு செடி குட்டையாக நின்றால் அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவந்தது. மருந்தே இல்லை, பிடுங்கிப் போடுங்கள். அழுது பயனில்லை.

எதைப் பார்த்தாலும் கொல்ல வேண்டும் என்று நினைக்காதீர்கள். 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி என்ற புதுப்பூச்சி இந்தியாவிலேயே முதன்முதலில் கோவையில் தென்பட்டது. பப்பாளியில் தொடங்கி மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எல்லாவற்றையும் தின்றது. விவசாயிகள் என்னென்னவோ அடித்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. கடைசியில் அதை அடக்கியது மருந்து இல்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து வளர்த்துவிட்ட, கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டிக் குளவிகள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்றுவிடும். உங்கள் மாடியிலும் அப்படிப்பட்ட வேலையாட்கள் இருப்பார்கள். பொறிவண்டையும் அதன் முள்முள்ளான குஞ்சுப் புழுவையும் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். அந்தப் புழுவைப் பூச்சி என்று நினைத்து நானே நசுக்கியிருக்கிறேன்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் வேண்டுமா?

பஞ்சகவ்யத்தை உழவர்களிடம் பரவலாகக் கொண்டுபோனவர் கொடுமுடி மருத்துவர் நடராஜன். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்பது வழக்கமான அளவு. செடி தெளிவாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அடியில் நல்ல மக்கு உரம் இல்லாமல் மேலே இதை மட்டும் தெளித்துப் பிரயோசனம் இல்லை.

மீன் அமிலம் பற்றி ஒரே அனுபவம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வைத்த டப்பா, மூன்றாம் வாரம் லிஃப்ட் மோட்டார் அறைப் பக்கம் வெடித்தது. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் சைவம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அசைவ வீடுகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

வீட்டுக் குப்பையை உரமாக்கலாமா?

ஆக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் கூட்டுத் தோட்டத்துக்குப் பாதி அர்த்தம் இல்லை. நாம் கட்டிக் கொடுக்கும் கறிகாய்த் தோலெல்லாம் பிரிக்காமல் போனால் கடைசியில் சேர்ந்தது கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளில்தான். பெருங்குடியில் குப்பை மலையாய்க் குவிந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 5,000 சதுர மீட்டருக்கு மேலுள்ள குடியிருப்பு வளாகங்கள் மட்கும் குப்பையைக் கூடியவரை வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சொல்லின.

வழி சுலபம். துளை போட்ட டிரம், ஒரு கை பச்சைக் கழிவுக்கு இரண்டு கை காய்ந்த இலை. நாற்றம் வந்தால் காய்ந்தது போதவில்லை. காய்ந்து கிடந்தால் கொஞ்சம் புளித்த மோர்த் தண்ணீர். சென்னை வெயிலில் 45 நாளிலிருந்து 60 நாளில் மண் வாசனை வந்துவிடும். பழுப்பாகத் தடித்த புழுக்கள் நெளிந்தால் அலறாதீர்கள், அவை வேலையைச் சீக்கிரம் முடிக்க வந்தவை. ஆனால் எல்லா வீட்டுக் குப்பையையும் மாடித் தோட்டம் உண்ணாது. வீட்டுக்கு அரைக் கிலோ என்றாலும் எங்களுக்கு நாளைக்கு 18 கிலோ. நாங்கள் தோட்டத்தில் இருக்கும் 14 வீட்டுக் குப்பையை மட்டும் எடுக்கிறோம். காய்ந்த இலையைத் தெருப் பெருக்கும் அம்மாக்களிடம் சொல்லி வைத்தால் மூட்டை கட்டித் தருவார்கள். கொளுத்துவதும் நிற்கும்.

எலி, கொசு?

எலி பெரும்பாலும் சமைத்த உணவைத் தேடித்தான் வரும். சோறு, எண்ணெய், எலும்பு டிரம்முக்குள் போகக்கூடாது. கொசு பையில் முட்டையிடாது, பைக்கு அடியில் வைக்கும் தட்டில் இடும். தட்டே வைக்காதீர்கள். மாநகராட்சி ஆட்கள் கொசுப்புழு தேடி வரும்போது நேராக மாடிக்குத்தான் வருவார்கள். பூவாளியைக் கவிழ்த்து வைக்கவும். கிளிக்கும் அணிலுக்கும் என்னிடம் தீர்வு இல்லை, அவற்றுக்கும் ஒரு பங்கு.

மழைக்காலத்தில்?

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். புயல் அறிவிப்பு வந்ததும் பந்தல் வலையை அவிழ்த்துவிடுங்கள், கழியோடு பறந்து அடுத்த வீட்டுக் காரின் மேல் விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பைகளைச் சுவரோடு ஒட்டித் தரையில் இறக்கி வைத்தோம், நஷ்டம் இரண்டு பப்பாளி மட்டும்.

விதை எங்கே வாங்குவது?

முதல் முறை கடையில், அதன் பின் உங்கள் செடியில். எஃப்1, அதாவது வீரிய ஒட்டு, என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. நாட்டு விதை கேட்டு வாங்குங்கள். எங்களிடம் கிழமை தவறாமல் காய்ப்பது வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி. புவிசார் குறியீடு வாங்கிய ரகம். முள் குத்தும், எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்குக் குத்தினாலும் பரவாயில்லை. சாம்பல் தடவிக் காயவைத்த விதைகளை மாற்றிக்கொள்ள மற்றத் தெருக் குழுக்களைத் தேடிக்கொள்ளுங்கள், விதைத் திருவிழாக்களுக்கும் போய்வாருங்கள்.

மாடி இல்லை. தெருவில் காலி மனை இருக்கிறது, அதில் போடலாமா?

உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், ஒரு வருடத்துக்காவது. வாய்ச்சொல்லை நம்பி மண்ணைப் பண்படுத்திய பிறகு, அங்கே பொக்லைன் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருப்பார்கள். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது அதைத்தான். அதில் செய்வதானால் குடியிருப்போர் நலச்சங்கம் மூலம் மனு கொடுத்து அனுமதியோடு செய்யுங்கள்.

இன்னொன்று, பெரிய சாலையோர மண்ணை நேரடியாக நம்ப வேண்டாம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியது 2000இல். அதற்கு முன் படிந்த ஈயம் மண்ணைவிட்டு எங்கும் போகாது. பழைய பெயிண்டும் அப்படித்தான். கீரையும் கிழங்கும்தான் இதில் கவனிக்க வேண்டியவை. புது மண் கொண்டுவந்து ஒரு அடி மேட்டுப்பாத்தி போடுங்கள், சாலை ஓரமாக வேலிச்செடி வையுங்கள், கீரையை நன்றாக அலசுங்கள்.

செலவு மிச்சமாகுமா?

முதல் வருடம் ஆகாது. 40 பை, நார்க்கழிவு, செம்மண், உரம், நிழல்வலைப் பந்தல், பூவாளி எல்லாம் சேர்த்து 2020இல் எங்களுக்கு 18,000 ரூபாய், வீட்டுக்கு 1,500. அதில் வந்த கீரையைக் கடை விலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், போட்டிருக்கக் கூடாது. மூன்றாம் வருடத்திலிருந்து உரமும் விதையும் நம்முடையதே என்பதால் கையைக் கடிக்கவில்லை. கீரை, கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய், எலுமிச்சை ஆகியவற்றைக் கடையில் வாங்குவது மிகவும் குறைந்திருக்கிறது. மற்றதெல்லாம் கடைதான்.

வெங்காயம், உருளை, தக்காளிக்கு என்ன செய்கிறீர்கள்?

உழவர் சந்தை. மாடியில் ஒரு கிலோ வெங்காயம் விளைவிக்கப் படும் பாட்டுக்கு, அதையே தொழிலாகச் செய்பவரிடம் வாங்குவது மேல். முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறந்தது. இப்போது மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேல். விளைவித்தவர் என்று அதிகாரிகள் பார்த்து அடையாள அட்டை கொடுத்தவர்தான் அங்கே கடை போட முடியும். தராசும் இடமும் இலவசம், விலையைத் தினமும் பலகையில் எழுதிப் போடுவார்கள். மொத்த விலைக்கு மேல், சில்லறை விலைக்குக் கீழ் என்று நடுவில் வைப்பதே வழக்கம்.

எங்கள் பக்கத்தில் பல்லாவரம், மேடவாக்கம், நங்கநல்லூரில் இருக்கின்றன. சனிக்கிழமை விடியற்காலை இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு காரில் போய் 14 வீட்டுக்கும் சேர்த்து வாங்கி வருகிறார்கள், அதற்கும் முறை உண்டு. எட்டு மணிக்குப் போனால் நல்லது தீர்ந்திருக்கும். ஒரே அம்மாவிடம் தொடர்ந்து வாங்கியதில், என்ன விளைகிறதோ அதை அவர் முதல் நாளே போனில் சொல்லிவிடுகிறார். மாடித் தோட்டத்தைவிட இதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டை அதிகமாக மாற்றியது என்று நான் சொல்வேன். குழுவில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படியே போனால் நகரம் தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளுமா?

இதற்கு எல்லோரும் கியூபாவைத்தான் காட்டுவார்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அங்கே டீசலும் உரமும் தீவனமும் வருவது அறுந்துபோனது. ஜனங்கள் உண்மையிலேயே மெலிந்தார்கள். ஹவானாவில் காலி இடங்களிலெல்லாம் தொட்டிபோல் ஓரம் கட்டி, மக்கு உரம் நிரப்பிக் காய்கறி போட்டார்கள். அலமார் என்ற பகுதியில் 1997இல் தொடங்கிய கூட்டுப்பண்ணை உலகப் புகழ் பெற்றது. பூச்சிக்கு அவர்கள் நட்டுக்கொண்டவற்றில் நம் வேப்பமரமும் ஒன்று.

ஆனால் கவனிக்க வேண்டியது, அங்கே நிலத்தை அரசு கொடுத்தது, வேலை செய்தவர்களுக்கு அது முழுநேர வேலை, வருமானம். நம்மைப்போல் ஞாயிற்றுக்கிழமைத் தோட்டக்காரர்கள் இல்லை. அப்படியிருந்தும் நகரத்தில் விளைந்தது பெரும்பாலும் கீரையும் காய்கறியும்தான். கியூபா இன்றும் தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு வயல் வேண்டும், வயலில் ஆள் வேண்டும். மாடியில் நாலு பை வைத்துவிட்டு விவசாயியைப் பற்றி அலட்சியமாகப் பேச ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு கத்தரிச் செடியைக் காப்பாற்ற முடியாமல் திணறிய பிறகு கிலோ 20 ரூபாய்க் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் வாய் எனக்கு அடைத்துப்போனது.

பையில் முருங்கை வைக்கலாமா?

வைக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கையை, 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, உத்தரத்தின் மேல் பார்த்து வைத்து, மூன்றடியில் நுனியைக் கிள்ளிவிட்டால் கைக்கெட்டும் உயரத்திலேயே கிளைக்கும். கீரைக்குக் குறையில்லை, காயும் வரும். மழை முடியும் சமயத்தில் கம்பளிப்பூச்சி தண்டில் மொத்தமாக அப்பிக்கொள்ளும், துணிக்கொடிப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். நாங்கள் அங்கேதான் வைத்தோம்.